பேனாக் குவியல்: வைத்துக்கொள்வதா, ரீஃபில் போடுவதா, கொடுப்பதா, கழிப்பதா?

மதுரையில் அப்பா வீட்டைக் காலி செய்தபோது பீரோ, பரண், சமையலறை எல்லாம் மூன்று நாளில் முடிந்துவிட்டது. பேனாக்கள்தான் முடியவில்லை. மேசை இழுப்பறை, தையல் மெஷின் டிராயர், டி.வி. ஸ்டாண்டு, பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒரு முறுக்கு டப்பா என்று தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. கூடத்தில் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை விரித்து எல்லாவற்றையும் கொட்டி எண்ணினோம். பென்சிலும் சேர்த்து 217.

"ஒரு கவர்ல போட்டுக் கட்டி வெளிய வச்சிருடி, காலையில வண்டி வரும்ல" என்றாள் அக்கா. அம்மா விடவில்லை. "எழுதுற சாமானைக் குப்பையில போடுறதாவது? கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோம்" என்றார்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் வேலை நின்றுபோகிறது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தின் மேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிட்ட பொருள். எழுதாது என்று தெரிந்தும் தூக்கிப் போடக் கை வராது. அதனால் மறுபடியும் டப்பாவுக்குள் போகும். அடுத்த வருஷம் டப்பா இரண்டாகும். எங்கள் வீட்டுக் குவியலை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்ததில் தெரிந்துகொண்டதை, இதே சிக்கலில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

நான்கு கேள்விகள் போதும்.

1. இன்றைக்கு எழுதுகிறதா?
2. இனி எவ்வளவு சீக்கிரம் காயும்?
3. மறுபடி எழுத வைக்க எவ்வளவு காசும் நேரமும் ஆகும்?
4. இதைத் தேடி எடுத்து எழுதப்போகிற கை ஒன்று உண்டா?

விலையையும் அழகையும் நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவற்றை வைத்துப் பிரித்தால் எல்லாமே 'நல்லதாச்சே, இருக்கட்டும்' பக்கம் போய்விடும்.

இவற்றில் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதன்மையானதாகப் படுகிறது. ஜெல் பேனாவின் மை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. மூடி சரியாக இல்லையென்றால் சீக்கிரமே காயும். மூடியே இருந்தாலும் சில வருஷங்களில் முனை அடைத்துக்கொள்ளும். பால் பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை போன்றது, அதைவிட நெடுநாள் தாங்கும். பென்சிலோ கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்டது. 1795-ல் பிரான்சில் நிக்கோலா ழாக் கோன்டே கண்டுபிடித்த முறைதான் இன்றும் அடிப்படை. அதில் காய்வதற்கு எதுவுமே இல்லை. தாத்தா வாங்கிய பென்சில் பேத்திக்கும் எழுதும்.

அப்படியானால் முதலில் செலவழிக்க வேண்டியது ஜெல் பேனா, கடைசியில் பென்சில். நாம் செய்வது இதற்கு நேர்மாறு. கையில் கிடைக்கிற பால் பாயிண்டில் எழுதுகிறோம், நல்ல ஜெல் பேனாவைப் 'பிறகு பார்த்துக்கலாம்' என்று எடுத்து வைக்கிறோம். அப்பா டப்பாவில் ஜெல் பேனாக்கள் 41. எழுதியவை 7. காய்ந்துபோன 34-இல் பலவற்றில் விலைச் சீட்டுக்கூட உரியவில்லை. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது அந்தச் சீட்டுகளைப் பார்த்தபோதுதான். யாரோ ஒரு பிள்ளை ஒரு பருவத்துக்கே எழுதித் தீர்த்திருக்கும் மை அது.

முதலில் ஒரு பிள்ளையார் சுழி

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன் ஒவ்வொரு பேனாவையும் எழுதிப் பார்த்தாக வேண்டும். கிழித்த தினக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் இதற்கு நல்லது. கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதால் முனைக் குண்டு வழுக்காமல் உருளும். ஒவ்வொரு பேனாவாலும் முதலில் ஒரு 'உ', அடுத்து விடாமல் நாலைந்து 'ழ'. 'உ' மட்டும் போட்டு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். முனையில் மிச்சமிருக்கும் துளி மை அதற்கு வந்துவிடும். ழகரத்தின் சுழிவில்தான் மை தொடர்ந்து இறங்குகிறதா என்று தெரியும்.

எழுதாத பால் பாயிண்டை உடனே ஒதுக்காதீர்கள். ரெனால்ட்ஸ் 045-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளை உடம்பும் நீல மூடியும் கொண்ட அதேதான். அதன் மேல் 'ஃபைன் கார்ப்யூர்' என்று அச்சிட்டிருக்கும். கார்ப்யூர் என்பது கார்பைடுக்குப் பிரெஞ்சுச் சொல். முனையில் உருளும் குண்டு அந்த அளவுக்குக் கடினமானது, எளிதில் தேயாது. பேனா நின்றுவிட்டால் பெரும்பாலும் குண்டைச் சுற்றி மை காய்ந்து பிடித்திருக்கும், அவ்வளவுதான். முனையை மட்டும் ஒரு நிமிஷம் வெந்நீரில் வைத்து, துடைத்துவிட்டுக் கிறுக்குங்கள். சிலர் ரப்பர் செருப்பின் அடியில் தேய்ப்பார்கள். எங்கள் வீட்டில் பேனாவைச் செருப்பில் வைக்க அம்மா சம்மதிக்கமாட்டார் என்பதால் அழிரப்பரின் மேல் கிறுக்கினேன், அதே பலன் கிடைத்தது. தீக்குச்சி காட்டுவது மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. பால் பாயிண்ட் 96: உடனே எழுதியவை 39, வெந்நீருக்குப் பிறகு எழுதியவை 14, எழுதாதவை 43. ஸ்கெட்ச், மார்க்கர் 13-இல் எழுதியவை 2. மை பேனா 9, அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பென்சில் 58, எல்லாமே எழுதின. ஆனால் 11 பென்சில்களில் சீவச் சீவ முனை உதிர்ந்துகொண்டே வந்தது. பலமுறை கீழே விழுந்து உள்ளே லெட் துண்டு துண்டாகியிருக்க வேண்டும்.

வழி 1: அப்படியே வைத்துக்கொள்வது

காசு செலவில்லை, மனசும் உறுத்தாது. இதன் செலவு பிறகுதான் தெரியும். மேலே சொன்ன 34 ஜெல் பேனாக்கள் அந்தச் செலவுதான். இன்னொன்றும் உண்டு. கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நிற்க, கையெழுத்துப் போட ஒரு பேனா தேடி, டப்பாவிலிருந்து ஐந்தாவதாக எடுத்தது எழுதும். எழுதாத பேனா எழுதுகிற பேனாவை மறைத்துக்கொண்டிருக்கும்.

பென்சிலுக்கு இந்த வழி முழுக்கப் பொருந்தும். வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் 20 பென்சில்கூட அதிகமில்லை. நடராஜ், அப்சரா இரண்டும் ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் தயாரிப்புகள்தான், எச்.பி. என்று போட்டிருக்கும் எதுவும் பள்ளிக்குச் சரி. ஈரம் படாமல், படுக்கவைத்து வையுங்கள். அதோடு வைக்கும் அழிரப்பரை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும், பழையது இறுகிப்போய்த் தாளில் கறுப்பாக இழுக்கும்.

நினைவுக்காக வைப்பதும் இந்த வழிக்குள்தான் வரும். அதற்கு நான் ஒரு அளவு வைத்தேன். ஒருவர் நினைவாக இரண்டு பேனா. கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா விடைத்தாள் திருத்திய சிவப்புப் பேனா ஒன்று, கையெழுத்துக்கு வைத்திருந்த மை பேனா ஒன்று. அதற்கு மேல் வைத்தால் எது அப்பாவுடைய பேனா, எது நகைக்கடையில் சும்மா கொடுத்தது என்று ஐந்து வருஷம் கழித்து எனக்கே தெரியாது.

வழி 2: ரீஃபில் போட்டு ஓட்டுவது

கேட்கும்போது எல்லோருக்கும் பிடிக்கிற வழி இது. நடைமுறையில் மூன்றாவது கேள்வியில் பல பேனாக்கள் தோற்றுவிடும்.

பிரச்சினை ரீஃபிலின் அளவு. கடையில் ஜம்போ என்று கேட்டால் கிடைக்கும் தடித்த ரீஃபில், பார்க்கர் ஜாட்டருக்கு வந்த வடிவம். நீளம் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர். ஜாட்டர் 1954-லிருந்து இருக்கிறது, அந்த அளவும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வங்கியிலும் கம்பெனியிலும் கொடுக்கும் கனமான உலோகப் பேனாக்களில் பல அதே ரீஃபிலை ஏற்கும். இப்படிப்பட்டவற்றுக்கு யோசிக்காமல் ரீஃபில் வாங்கலாம். உடம்பு நெடுநாள் உழைக்கும், மை நின்றால் அடுத்த ரீஃபில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும்.

மருந்துக் கம்பெனி, சீட்டுக் கம்பெனி, கல்யாண மண்டபம் என்று பெயர் அச்சிட்டு வரும் இலவசப் பேனாக்கள் வேறு ரகம். ஒன்றின் ரீஃபில் ஒரு விரற்கடை குட்டை, இன்னொன்றில் பாதியில் ஸ்பிரிங் மாட்டுவதற்குக் காது நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஆறு பேனாக்களைப் பையில் போட்டுக்கொண்டு டவுன்ஹால் ரோடு பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். இரண்டுக்குப் பொருந்தியது. ஒன்றுக்குக் கடைக்காரரே பிளேடால் ரீஃபிலின் வாலை நறுக்கிப் போட்டுக்கொடுத்தார். மற்ற மூன்றோடு திரும்பி வந்தேன். பஸ் கட்டணத்துக்கும் அரைநாள் வெயிலுக்கும் ஒரு டஜன் புதுப் பேனா வாங்கியிருக்கலாம்.

அதனால் என் முடிவு இது. உலோக உடம்பு, ஜம்போ அளவு, பிடித்து எழுத விரலுக்குச் சுகம் என்ற மூன்றும் இருந்தால் ரீஃபில் போடுங்கள். ஐந்து ரூபாய் ரகப் பேனாவுக்கு ரீஃபில் தேடி அலைய வேண்டாம். வாங்கும்போது ஒரே அளவில் மூன்று ரீஃபிலுக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள், அதுவும் இருந்து காயத்தான் போகிறது. வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் மை இளகி மூடிக்குள் கசியும், சட்டைப் பைதான் பலியாகும்.

வழி 3: கொடுப்பது

எழுதுகிற, ஆனால் நம் வீட்டில் கை இல்லாத பேனாக்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஜெல் பேனாவானால் இன்றே கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். எழுதிப் பார்க்காத பேனாவைக் கொடுக்காதீர்கள். டப்பாவோடு தூக்கிப் பள்ளிக்கூட வாசலில் வைத்துவிட்டு வருவது, நம் குப்பையைப் பிரிக்கும் வேலையை அங்கிருக்கும் டீச்சரின் தலையில் கட்டுவது. பரீட்சை அன்று காலையில் ஒரு பிள்ளை அந்தப் பேனாவை நம்பிப் போய் உட்காரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

யாருக்கு எது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வண்ணப் பென்சிலும் கணித உபகரணப் பெட்டியும் விலையில்லாமல் தருகிறார்கள். அங்கே அன்றாடம் தீர்ந்துபோவது நீலப் பேனாவும் எழுதும் பென்சிலும்தான். தலைமையாசிரியரிடம் முன்னரே கேட்டுவிட்டுப் போங்கள். கறுப்பு பால் பாயிண்ட் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் வட்டம் நிரப்பக் கறுப்பு நிறப் பந்துமுனைப் பேனாதான் வேண்டும், தெருவுக்கு ஒருவராவது அந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார். எங்கள் குவியலில் இருந்த 8 கறுப்புப் பேனாக்களும் எதிர்வீட்டுத் தம்பிக்குப் போயின. சிவப்பு, ஆசிரியர்களுக்கு. பச்சை மையில் கையெழுத்துப் போடுவது அதிகாரிகளின் வழக்கம் என்பதால் அதைக் கொடுக்க ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் அம்மா ஸ்ரீராமஜெயம் எழுத எடுத்துக்கொண்டார்.

இந்த வழியின் மறைவான செலவு சோதிக்கிற நேரம். 217-ஐ எழுதிப் பார்க்க எங்களுக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று, அக்காவும் நானும் சேர்ந்தே. தனியாக உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடத் தோன்றும். பேச்சுத்துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வழி 4: கழிப்பது

வெந்நீருக்கும் மசியாத பால் பாயிண்ட், காய்ந்த ஜெல், உலர்ந்த ஸ்கெட்ச், இவற்றுக்கு வேறு வழி இல்லை. அம்மாவைச் சம்மதிக்கவைக்க எனக்கு உதவியது அவரே சொன்ன நம்பிக்கைதான். சுவாமி படம் கிழிந்தால் மரியாதையோடு ஒதுக்குகிறோம் இல்லையா, அப்படியே இதற்கும் செய்யலாம் என்றேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக அவரே எடுத்துப் போட்டார். நேரம் பிடித்தது. அக்காவும் அவசரப்படுத்தவில்லை.

பழைய பேப்பர்காரர் பிளாஸ்டிக் பேனாவுக்குக் காசு தரமாட்டார். ஒரே பேனாவுக்குள் இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக், பித்தளை முனை, ஒட்டிய மை எல்லாம் கலந்திருப்பதால் பிரித்து உருக்குவது கட்டுப்படியாகாது. உலோக உடம்புகளை மட்டும் கழற்றிச் சேர்த்தால் இரும்புக் கடையில் எடை போட்டு எடுப்பார்கள். மீதி மக்காத குப்பையில்தான் போக வேண்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி வீட்டிலேயே பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். மை கசிகிற ரீஃபிலைக் காகிதத்தில் சுற்றுங்கள், அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையை நினைத்து. எரிக்க வேண்டாம்.

கழிப்பதற்கு முன் நல்ல மூடிகளையும் ஸ்பிரிங்குகளையும் கழற்றி ஒரு சின்ன டப்பியில் வைத்தேன். மூடி இல்லாமல் நின்ற இரண்டு ஜெல் பேனாக்களுக்கு அதிலிருந்தே மூடி கிடைத்தது.

ஒரே பார்வையில்

| | வைப்பது | ரீஃபில் | கொடுப்பது | கழிப்பது |
|---|---|---|---|---|
| பென்சில் | மிகச் சரி | – | அதிகம் இருந்தால் | லெட் நொறுங்கியதை மட்டும் |
| எழுதும் பால் பாயிண்ட் | 5 அல்லது 6 | தீர்ந்த பிறகு, உலோக உடம்பானால் | மீதி எல்லாம் | – |
| எழுதும் ஜெல் | 2, உடனே பயன்படுத்த | அரிதாக | இந்த வாரமே | – |
| எழுதாத இலவசப் பேனா | வேண்டாம் | ஜம்போ பொருந்தினால் | கூடாது | ஆம் |
| மை பேனா | ஆம் | கழுவினால் போதும் | விரும்பிக் கேட்பவருக்கு | அவசரப்பட வேண்டாம் |

மை பேனாக்களை மட்டும் தனியாக வையுங்கள்

மேலே சொன்ன கணக்கு எதுவும் மை பேனாவுக்கு ஒத்துவராது. இருபது வருஷம் காய்ந்து கிடந்தாலும் வெறும் தண்ணீரில் திரும்பி வரக்கூடிய ஒரே பேனா அதுதான். அதன் மை தண்ணீரில் கரைந்தது, காய்ந்தாலும் மறுபடி தண்ணீரில் கரையும்.

அப்பாவின் ஒன்பதில் மூன்று பொன்னிற மூடி போட்ட ஹீரோ கம்பெனிப் பேனா, ஒன்று கறுப்பு எபோனைட், மற்றவை பிளாஸ்டிக். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாசனை வரும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். வெயிலும் தண்ணீரும் பட்டால் கறுப்பு மங்கிப் பாசி நிறமாகிவிடும், அதனால் உடம்பை ஊறவைக்கக் கூடாது. நிப்பு இருக்கும் கழுத்துப் பகுதியை மட்டும் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் சாதாரணத் தண்ணீரில் போட்டேன். வெந்நீர், ஸ்பிரிட், சோப்புத்தூள் எதுவும் சேர்க்கவில்லை.

முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நிப்பின் பிளவிலிருந்து நூல் மாதிரி ஒரு நீலக் கோடு இறங்கி, டம்ளரின் அடியில் சுருண்டு படுத்தது. அப்பா கடைசியாக மை ஊற்றியது எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது. அந்த மைதான் அப்போது கரைந்துகொண்டிருந்தது. நாலு முறை தண்ணீர் மாற்றினேன். நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையின், நாக்கு என்போமே, அதன் பள்ளங்களில் இருந்த கசடு மறுநாள் காலையில்தான் விட்டது. துணியில் நிப்பைக் கீழாக வைத்து உலர்த்தி, கேம்லின் நீல மை ஊற்றினேன். காலண்டர் தாளில் 'உ' முதல் முயற்சியிலேயே வந்தது.

ஹீரோ மூன்றில் ஒன்றில் மை உறிஞ்சும் உள்குழாய் வெடித்திருந்தது, நிப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக்கில் ஒன்று பிழைத்தது. ஆக ஒன்பதில் நாலு எழுதின. இதற்கான செலவு ஒரு மைப் புட்டியும் பொறுமையும். முத்திரை மையோ ஓவியம் வரையும் இந்தியன் இங்கோ ஊற்றாதீர்கள், அடைத்துக்கொண்டால் மீட்பது கஷ்டம். நிப்பு வளைந்திருந்தாலோ கழுத்து இறுகிப்போயிருந்தாலோ குறடு போட்டுத் திருகாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சென்னையில் பாரிமுனை ஜெம் அண்ட் கோ பல தலைமுறையாக மை பேனா விற்கிற கடை. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். இவ்வளவு அருகில் இந்தக் கைவேலை இன்னும் இருப்பது நம் அதிர்ஷ்டம். ஒரு பேனாவுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், நாலாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் மட்டும் போங்கள்.

மீதம் நின்றவை

இப்போது கூடத்தில் ஒரு குவளை, அதில் ஆறு பால் பாயிண்டும் இரண்டு ஜெல்லும் முனை கீழாக நிற்கின்றன. முனை மேலாக வைத்தால் ஜெல் மை பின்வாங்கி நடுவில் காற்று புகுந்துவிடும். பென்சில்களில் 20 அக்கா மகளுக்கு, 27 பள்ளிக்கு. அம்மா எபோனைட் பேனாவைப் பால் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார்.

முடிவாகாமல் நிற்பது ஒன்றுதான், அப்பாவின் சிவப்புப் பேனா. மூன்று கேள்விகளில் தோற்றுவிட்டது. அதன் ரீஃபில் ஜம்போவைவிட நீளம், மெலிசு, வாலில் மரை வேறு. டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கவில்லை. கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். போகிற ஊரில் பழைய ஸ்டேஷனரி கடை கண்ணில் பட்டால் உள்ளே போய்க் கேட்கிறேன்.